தீப்பெட்டி ஆபீஸ் தெருவின் அகலம்

கோவில்பட்டியில் கடந்த இருபது வருடங்களில் எழும்பிய வீடுகளில் நூற்றுக்கு மேலானவை முதலில் இசக்கிச்செல்வியின் கையில்தான் கோடுகளாக இருந்தன. ஆனாலும் எந்த வீட்டின் பால்காய்ப்புக்கும் அவளை யாரும் அழைத்ததில்லை. பிளானில் கையெழுத்துப் போடுகிறவர் இன்ஜினியர் லிங்கராஜ். வரைகிறவள் இவள். எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது அளக்க வந்தவளும் இவள்தான். டேப்பின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, "தொய்ய விடாதீங்க சார், அரை இஞ்சு கூடிரும்" என்று கண்டிப்பாகச் சொன்னாள். அரை அங்குலத்துக்கு அவ்வளவு கறார் காட்டியவள் இப்படி ஒரு காரியம் செய்திருப்பாள் என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அவளே சொன்னாள்.

அவள் பிறந்தது நாகலாபுரத்தில். அப்பாவுக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம். உளுந்தும் மக்காச்சோளமும் போட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம். ஐ.டி.ஐ.யில் கட்டடப் படம் வரையும் படிப்பில் சேர்ந்தபோது வகுப்பில் இரண்டே பெண்கள். படித்து முடித்த மறு மாதமே லிங்கராஜின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வாக்கப்பட்டது சுடலைக்குமாருக்கு. அவர் கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர். ஒரே மகள். ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட வாடகை வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு வீடு வரைந்தவளுக்குச் சொந்த வீடு இல்லையே என்று யாராவது கேட்டால், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

அவளுக்கு மாடி வீடுகள் மேல் வெறுப்பு கிடையாது. பைபாஸ் ரோட்டின் இரண்டு பக்கமும் பருத்தி விளைந்த கரிசலில் மனைக்கல் ஊன்றி, கலர் கொடி கட்டி, கடைசியில் வீடும் வராமல் விவசாயமும் இல்லாமல் வேலிக்கருவை மண்டிக் கிடப்பதை அவள் பஸ்ஸில் ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்தவள். எங்கள் மொட்டைமாடியில் நின்று ஒருநாள் சொன்னாள்: "ஊரு அகலமாப் போயிக்கிட்டே இருந்தா காடு மிஞ்சாது சார். மேலதான் போவணும். ஆனா தெரு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் போவணும்."

தீப்பெட்டி ஆபீஸ் தெரு என்பது ஊரின் மேற்கில் உள்ள பழைய தெரு. இங்கே தீப்பெட்டி ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சண்முகராஜ் என்பவரின் அப்பா நடத்திய ஆபீஸ் அந்தத் தெருவின் உள்ளே இருந்தது. அதைச் சுற்றி, அங்கே வேலை பார்த்தவர்கள் ஒருவர் சுவரில் ஒருவர் சாய்ந்தாற்போல வீடு கட்டிக்கொண்டார்கள். மெஷின் வந்த பிறகு கைவேலை ஆபீஸ்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பல வருடம் பூட்டிக் கிடந்த அந்த இடத்தில் தரைத்தளமும் நான்கு மாடியுமாக இருபது குடித்தனம் வைக்கும் அடுக்குமாடி கட்ட சண்முகராஜ் முடிவு செய்து, லிங்கராஜிடம் வந்தார்.

இசக்கிச்செல்வி தனியாக அளக்கப் போனாள். டேப் பிடிக்க ஆளில்லை. பக்கத்து வீட்டு வேலுத்தாய் தானாக வந்து பிடித்துக்கொண்டார். அறுபது வயது இருக்கும். அதே ஆபீஸில் முப்பது வருடம் கட்டை அடுக்கியவர், அதாவது சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை. அவருடைய புருஷன் தங்கச்சாமி தீக்குச்சியில் மருந்து முக்கியவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடந்தார். அவர்களுடைய வீடு ஆபீஸின் கிழக்குச் சுவரை ஒட்டி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சண்முகராஜின் சரக்குக் கிட்டங்கி. அதன் வாசல் பின்புறம் உள்ள அகலமான பெரிய தெருவைப் பார்த்தது. அதாவது சண்முகராஜின் இரண்டு இடங்களுக்கும் நடுவே இந்த ஒரு வீடுதான் குறுக்கே நின்றது. மூன்று முறை விலைக்குக் கேட்டும் தங்கச்சாமி கொடுக்கவில்லை.

தெருவை மூன்று இடத்தில் அளந்தாள். தெரு தொடங்கும் இடத்தில் முப்பது அடி. ஆபீஸ் வாசலில் இருபத்திரண்டு. நடுவில் தெரு திரும்பும் முக்கில், ஒரு பக்கம் சாக்கடை வாறுகாலும் மறுபக்கம் டிரான்ஸ்பார்மரும் நெருக்கியதில், பதினாலு.

"எவ்வளவு தாயி வந்துச்சு?" என்று வேலுத்தாய் கேட்டார்.

"பதினாலு அடி, அக்கா."

"சாமி சப்பரமே இங்கன வந்துதான் திணறும்" என்றார் வேலுத்தாய். பிறகு உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார். எத்தனை மாடி வரும் என்று கட்டிலில் இருந்தபடி தங்கச்சாமி குழறலாகக் கேட்டார். இந்தத் தெருவுக்கு ரெண்டுக்கு மேல விட மாட்டாவ என்று இசக்கிச்செல்வி சொன்னாள். அவள் அப்போது அதை நம்பித்தான் சொன்னாள். தெருவின் அகலத்தை வைத்துத்தான் எத்தனை மாடி என்பதை முடிவு செய்வார்கள். மனைக்குப் போகும் வழி முழுவதும் எங்கே குறைச்சலோ அந்த அளவுதான் செல்லும்.

மறுநாள் அலுவலகத்தில் லிங்கராஜ் அளவுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பிளானில் தெரு அகலம் முப்பது என்று போடச் சொன்னார். முக்கில் பதினாலுதான் இருக்கிறது என்று அவள் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. முக்கில் இருப்பது ஆக்கிரமிப்பு, என்றைக்காவது எடுத்துவிடுவார்கள், அப்போது முப்பதுதானே வரும் என்று பொறுமையாக விளக்கினார். "தெரு ஆரம்பத்துல முப்பது இருக்குல்லா? அதப் போடு. பொய்யில்லையே" என்றார்.

அவள் போட்டாள். "ரொம்ப யோசிக்கவெல்லாம் இல்ல சார். போட்டுட்டு அடுத்த பிளான எடுத்துட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். கிழக்குப் பக்கம் வேலுத்தாயின் சுவருக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவே பத்தடி இடைவெளி என்றும் அந்தப் படத்தில் இருந்தது. தாள் ஒழுங்காக இருந்தது. அனுமதி வந்தது.

கரிசலில் நான்கு மாடி எழுப்ப வேண்டுமென்றால் மேல்மண்ணை நம்ப முடியாது. வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் மாவு மாதிரி ஊதும். அடியில் சுக்கான் பாறை தட்டும் வரை வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்ட வேண்டும். புரட்டாசியில் பொக்லைன் வந்தது. தரைக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடம் பெரிதாக வேண்டும் என்பதற்காக, படத்தில் இருந்த பத்தடியை மதிக்காமல், வேலுத்தாயின் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் பன்னிரண்டு அடி ஆழத்துக்குக் குழி எடுத்தார்கள். வேலுத்தாய் போய்க் கேட்டிருக்கிறார். பிளான்படிதான் எடுக்கிறோம் என்று காண்ட்ராக்டரின் ஆள் சொல்லியிருக்கிறான்.

ஐப்பசி பிறந்ததும் அடைமழை பிடித்தது. ஆறாவது நாள் காலை பத்து மணிக்கு மழை விட்டு வெறித்திருந்தது. அன்று குழாயில் தண்ணீர் வந்த நாள். வேலுத்தாய் தெருக்குழாயில் நாலாவது குடத்தை வைத்திருந்தார். பின்னால் லாரியில் ஜல்லி தட்டுவது போலச் சத்தம் கேட்டது என்றார். திரும்பிப் பார்த்தால் வீட்டின் மேற்குச் சுவர் இல்லை. குழியின் பக்கவாட்டு மண் அப்படியே வழுக்கி இறங்கி, சுவரையும் பாதிக் கூரையையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

தங்கச்சாமி உயிரோடு இருந்தார். அவர் கட்டிலுக்கு மேலே உத்திரம் குறுக்காக விழுந்து, அதன் மேல் மண்ணும் கல்லும் கிடந்தன. தெருக்காரர்கள் வெறுங்கையால் அள்ளினார்கள். ஈரக்கரிசல் கையை விடாமல் ஒட்டிக்கொண்டது. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் முக்கில் கட்டட வேலைக்கு ஜல்லி ஏற்றி வந்த லாரி திரும்ப முடியாமல் நின்றது. லாரி பின்னால் வர வேண்டுமென்றால் தீயணைப்பு வண்டி தெரு முனை வரை பின்வாங்க வேண்டும். அதற்குள் அதன் பின்னால் ஆட்டோவும் பைக்குமாகக் கூட்டம் அடைத்துவிட்டது. வீரர்கள் இறங்கி, கையில் தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உத்திரத்தைத் தூக்கும் கருவி வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. அதில் அரை மணி நேரம் தங்கச்சாமி பேசிக்கொண்டிருந்தார். கால் மரத்துப்போச்சு என்றார். தண்ணீர் கேட்டார். வேலுத்தாய் சேலை முந்தானையை நனைத்து இடுக்கு வழியாகக் கையை விட்டு அவர் வாயில் பிழிந்தார். வெளியே எடுத்து, முக்கைத் தாண்டி ஆம்புலன்ஸுக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார்.

இசக்கிச்செல்விக்கு மதியம்தான் தெரிந்தது. அவள் போனபோது ஜல்லி லாரி இன்னும் அதே இடத்தில் நின்றது. அதற்கும் டிரான்ஸ்பார்மர் வேலிக்கும் நடுவே ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. அவள் நுழைந்து போனாள். வாசலில் உட்கார்ந்திருந்த வேலுத்தாய் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நான்தானட்டி டேப்பு பிடிச்சேன்" என்றார். "பதினாலுன்னு நீதானச் சொன்ன. ரெண்டு மாடிக்கு மேல விட மாட்டாவன்னு அவியகிட்டச் சொன்னியே. பெறவு எப்பிடிட்டி நாலு மாடி வந்துச்சு?"

வேலுத்தாய் திரும்பக் கேட்கவில்லை. அழுகைக்கு வந்திருந்த பெண்கள் அவளைச் சற்றுத் தள்ளி உட்கார வைத்தார்கள். உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தூக்கும் வரை இருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

போலீஸ் பொக்லைன் ஓட்டிய மந்திரமூர்த்தியைப் பிடித்தது. எப்போதும்வென்றான் என்ற ஊரைச் சேர்ந்தவன், இருபத்தாறு வயது. காண்ட்ராக்டர் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார். விசாரணைக்கு அதிகாரி நியமிக்கப்பட்டார். அனுமதி பெற்ற பிளானில் பத்தடி இடைவெளி இருக்கிறது, தெரு முப்பதடி இருக்கிறது, பிளானை மீறித் தோண்டியவன்தான் குற்றவாளி என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அளவுப் புத்தகத்தை விசாரணைக்குக் கொண்டுவரச் சொல்லி லிங்கராஜுக்குக் கடிதம் வந்தது.

அன்று அவர் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார். புதுப் புத்தகம் ஒன்றை மேஜையில் வைத்தார்.

"பழச மழையில நனைஞ்சு போச்சுன்னு சொல்லிருவோம். இதுல மூணு எடத்துலயும் முப்பதுன்னு எழுதித் தா."

"அது நனையலையே அண்ணாச்சி."

"எழுதுனது உன் கைட்டி. என்னைய மட்டுமா இழுப்பாவ? உனக்கு ஒரு பொம்பளப்பிள்ள இருக்கு."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். சுடலைக்குமாரிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர்தான். மகள் பத்தாவது படிக்கிறாள், வேலையும் போய் கேஸும் வந்தால் என்ன செய்வது என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் மறுநாள் கிளம்பிப் போயிருக்கிறாள்.

அலுவலகப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மந்திரமூர்த்தியின் அம்மா பார்வதியம்மாள். வக்கீல் பிளானின் நகல் கேட்டாராம். எங்கே வாங்குவது என்று தெரியாமல் நாலு இடம் அலைந்துவிட்டு, பிளான் போட்ட இடம் இதுதான் என்று யாரோ சொல்லி முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். இசக்கிச்செல்வி நகலை எடுத்துக் கொடுத்தாள். பார்வதியம்மாள் அதைத் தலைகீழாகப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"இதுல பத்தடி விடணும்னு போட்டிருக்காம்லா. எங்கன போட்டிருக்கு?"

இசக்கிச்செல்வி தாளைத் திருப்பி, விரல் வைத்துக் காட்டினாள்.

"இத எம் மவங்கிட்ட யாரும் காட்டலயே தாயி. செவரு ஓரமா எடுன்னாவ, எடுத்தான். காட்டியிருந்தா விட்டிருப்பாம்லா?"

விட்டிருப்பான் என்று இசக்கிச்செல்வி சொன்னாள். பார்வதியம்மாள் தாளை நாலாக மடித்து மடியில் சொருகிக்கொண்டு போனார். அவர் போன பிறகு அவள் பீரோவைத் திறந்து, பழைய அளவுப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். லிங்கராஜ் வருவதற்கு முன்பே அலுவலகத்தைப் பூட்டிச் சாவியைக் கீழ்க்கடையில் கொடுத்துவிட்டு, நேராக விசாரணை அதிகாரியிடம் போனாள்.

இரண்டு மணி நேரம் வாக்குமூலம் எழுதினார்கள். முப்பது என்று எழுதியது நான்தான், யார் சொல்லி எழுதினேன் என்பதையும் சொல்கிறேன், ஆனால் எழுதியது நான் என்பதை முதலில் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அளந்தபடி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதிகாரி கேட்டார். "ரெண்டு மாடிதான் வந்திருக்கும் சார். இவ்வளவு ஆழம் தோண்டியிருக்க மாட்டாவ. பன்னெண்டு குடும்பம் குடியிருந்திருக்கும். தங்கச்சாமி அண்ணாச்சியும் இருந்திருப்பாவ" என்றாள்.

அவள் சொன்னதால் எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். லிங்கராஜின் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு அவர் மைத்துனர் பெயரில் தொழிலைத் தொடர்ந்தார். போலி அளவு கொடுத்ததாக இசக்கிச்செல்வியையும் வழக்கில் சேர்த்தார்கள். மந்திரமூர்த்திக்கு ஜாமீன் கிடைத்தது. அவன் பெயர் வழக்கிலிருந்து போகவில்லை. ஊரில் பிளான் போடும் வேறு எந்த அலுவலகத்திலும் அவளுக்கு வேலை தரவில்லை. பத்திரப்பதிவு அலுவலகம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

வேலுத்தாயால் அந்த இடிபாட்டில் இருக்க முடியவில்லை. சண்முகராஜ் நாலாவது தடவையாக விலை கேட்டார். வேலுத்தாய் கைநாட்டு வைத்தார். ஊருக்கு வெளியே அரசு கட்டிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. முழங்கால் வலியோடு இறங்கினால் ஏற முடியாது என்று பெரும்பாலும் மேலேயே இருக்கிறார். இசக்கிச்செல்வி ஒருமுறை போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே இருந்து யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னாள். கதவு திறக்கவில்லை. கொண்டுபோன பழத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

வேலுத்தாயின் இடம் சேர்ந்ததும் ஆபீஸ் மனையும் கிட்டங்கியும் ஒன்றாயின. மனைக்குப் பெரிய தெருவில் வாசல் கிடைத்தது. புதிதாகப் பிளான் போட்டு, தெரு முப்பத்தாறு அடி என்று உண்மையான அளவையே எழுதி, முறைப்படி அனுமதி வாங்கினார்கள். முதலில் நினைத்ததைவிட நான்கு வீடுகள் கூடுதலாக வந்தன. குழியை வேண்டுமென்றே சுவரோரம் எடுத்தார்களா என்று தெருவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். யாரும் நிரூபிக்கவில்லை. இப்போது அங்கே ஆசிரியர்கள், நர்சுகள், மில் சூப்பர்வைசர்கள் குடியிருக்கிறார்கள். வீடு கிடைக்காமல் அலைந்து கடைசியில் அமைந்ததில் நிம்மதியாக இருப்பவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதில் ஒரு பெண் குடிநீர் இணைப்புக்கு மனு எழுத வந்தபோது இசக்கிச்செல்விதான் எழுதிக் கொடுத்தாள்.

வழக்கு நான்காவது வருடமாக நடக்கிறது. வாய்தா அன்று அவள் கடைக்குப் போவதில்லை. போன மாதம் நானும் வேறு வேலையாகக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் அவளும் மந்திரமூர்த்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். காண்ட்ராக்டருக்கும் லிங்கராஜுக்கும் வக்கீல்கள் வந்திருந்தார்கள், அவர்கள் வரவில்லை. மந்திரமூர்த்திக்கு வண்டி ஓட்ட யாரும் கொடுப்பதில்லையாம். மூட்டை தூக்குகிறான். இரண்டு இடத்தில் பெண் பார்த்து, கேஸ் இருப்பது தெரிந்து கைவிட்டுப் போனது.

அவன் என்னிடம் அவளைக் காட்டிச் சொன்னான்: "அக்கா பேசாம இருந்திருந்தா அக்காவுக்கு ஒண்ணும் வந்திருக்காது சார். நான் ஒருத்தன் மட்டும் இங்கன நின்னிருப்பேன்."

இசக்கிச்செல்வி அவனைப் பார்க்காமல், "தங்கச்சாமி அண்ணாச்சி அரை மணி நேரம் பேசிக்கிட்டிருந்தாவ" என்றாள்.

பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். ஜனவரி இருபதாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அவன் எப்போதும்வென்றான் பஸ்ஸைப் பிடிக்கப் போனான். அவள் ஜெராக்ஸ் கடைப் பக்கம் நடந்தாள்.